கடைக்காரர் போட்ட வெளிச்சம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் முகப்புப் படம் மாற்றினேன். பாதி முகம் சிவப்பு, பாதி முகம் நீலம், பின்னால் சீன எழுத்து. "டீச்சர், எந்தப் படத்துல நடிக்கிறீங்க?" என்று பழைய மாணவர்கள் கிண்டல் செய்திருந்தீர்கள். அது ஹாங்காங்கில் கௌலூன் பகுதியில் ஒரு ராத்திரி எடுத்தது. அந்த ஊரில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நம்மைத் தெருத்தெருவாக அழைத்துப்போய், எந்தப் பலகைக்குக் கீழே எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லி, நியான் வெளிச்சத்தில் படம் எடுத்துக் கொடுக்கிறார்கள். அங்கே வேலை பார்க்கும் என் மகள் எனக்காகப் பணம் கட்டிவிட்டாள். எவ்வளவு என்று இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் நான் போயிருக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

படம் எப்படி எடுத்தது என்று கேட்டவர்களுக்கு நாலு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன பழக்கம் விடுமா? அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று தேடப் போய் அது ஒரு சரித்திரப் பாடமாகவே ஆகிவிட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இருட்டில் மனிதரைப் படம் எடுப்பது என்பது நெடுங்காலம் முடியாத காரியம். பாரிஸில் நாடார் என்று ஒரு பெரிய புகைப்படக்காரர் இருந்தார். (நம்மூர் நாடார் இல்லை, அது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர்.) 1860களின் தொடக்கத்தில் அவர் பாரிஸ் நகரத்துக்கு அடியில் எலும்புக்கூடுகளை அடுக்கி வைத்திருக்கும் சுரங்கத்துக்குள் பேட்டரிகளையும் மின்விளக்கையும் இறக்கிப் படம் எடுத்தார். ஒரு படத்துக்குப் பதினெட்டு நிமிடம் வரை ஆனது. அத்தனை நேரம் எந்த ஆள் அசையாமல் நிற்பான்? அதனால் சுரங்கத் தொழிலாளிக்குப் பதிலாக, அவன் உடையைப் போட்ட பொம்மையை நிறுத்தினார். அந்தப் படங்களில் வேலை செய்பவர் மாதிரி தெரிவது உயிரில்லாத உருவம்.

1887இல் ஜெர்மனியில் இரண்டு பேர் மக்னீசியப் பொடியோடு வேறு ரசாயனங்களைக் கலந்து, கொளுத்தினால் ஒரு நொடியில் பளீரென்று எரியும் பொடியைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த சில வருடங்களில் நியூயார்க்கில் ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகையாளர் அதை எடுத்துக்கொண்டு ஏழைகளின் குடியிருப்புகளுக்குள் ராத்திரியில் நுழைந்தார். வாணலியில் பொடியை வைத்துக் கொளுத்துவாராம். ஒருமுறை படம் எடுக்கப்போன வீட்டிலேயே தீப்பற்றிவிட்டது. 1890இல் அந்தப் படங்களோடு அவர் போட்ட புத்தகம் அமெரிக்காவை உலுக்கியது. அந்தப் படங்களில் இருக்கும் முகங்களைப் பாருங்கள். தூக்கத்தில் எழுப்பப்பட்டு, கண் கூசி, மிரண்டு போன முகங்கள். அவர் நோக்கம் நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த வெளிச்சம் அவர்கள் மேல் எறியப்பட்ட வெளிச்சம்.

பிறகு பிரசாய் வந்தார். ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் வாழ்ந்தவர். 1930களின் தொடக்கத்தில் தெருவிளக்கு வெளிச்சத்தை வைத்தே பாரிஸின் இரவைப் படமெடுத்தார். கேமராவைத் திறந்து வைத்துவிட்டு ஒரு சிகரெட் பற்றவைப்பாராம். சிகரெட் தீரும் நேரம்தான் படத்துக்கான நேரம். இருட்டு அதிகமாக இருந்தால் பெரிய சிகரெட்!

இப்படி வெளிச்சத்தைத் தோளில் சுமந்து போனார்கள், இல்லாவிட்டால் மணிக்கணக்காகக் காத்திருந்தார்கள். நான் ஹாங்காங்கில் நின்றபோது இரண்டும் தேவைப்படவில்லை. ஒரு கடைக்காரர் தன் வியாபாரத்துக்காகப் போட்ட விளக்கு, சும்மா போகிற வழிப்போக்கி என் முகத்தில் விழுந்தது. நான் சொல்ல வந்த சரித்திரம் இந்த விளக்கைப் பற்றியதுதான்.

நியான் என்பது நாம் சுவாசிக்கும் காற்றிலேயே இருக்கிறது. பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் பதினெட்டுப் பங்கு. 1898இல் லண்டனில் வில்லியம் ராம்சே, மாரிஸ் டிராவர்ஸ் என்ற இருவரும் காற்றைக் குளிர்வித்துத் திரவமாக்கி, ஆவியாகும்போது பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். பிரித்த வாயுவைக் குழாயில் அடைத்து மின்சாரம் பாய்ச்சினால் அதுவரை யாரும் பார்க்காத சிவப்பு. ராம்சேயின் பதின்மூன்று வயது மகன், லத்தீனில் "புதியது" என்று பொருள்படும் பெயரை வைக்கச் சொன்னானாம். அப்பா அதையே கிரேக்கத்தில் மாற்றி "நியான்" ஆக்கினார். பிள்ளைகள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால் இப்படியும் நடக்கும்.

இங்கே ஒரு விஷயம். ஐந்தாம் வகுப்புக்குக் காற்றைப் பற்றிப் பாடம் நடத்திய காலத்தில் இது தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. ஜாம்ஷெட்ஜி டாடா இந்தியாவில் ஒரு உயர் அறிவியல் நிறுவனம் தொடங்க நினைத்தபோது, எந்த ஊரில் வைக்கலாம் என்று பார்த்துச் சொல்ல இந்தியா வந்தவர் இதே ராம்சே. பெங்களூரைச் சொன்னவர் அவர்தான். 1909இல் தொடங்கிய அந்த இந்திய அறிவியல் நிறுவனத்தின் முதல் இயக்குநர் யார் தெரியுமா? இதே டிராவர்ஸ். நியானைக் கண்டுபிடித்த இரண்டு பேரின் கால்தடமும் நம் பக்கத்து ஊரில் இருக்கிறது.

கண்டுபிடித்தவர்கள் அதை விளக்காக்கவில்லை. அதைச் செய்தவர் பிரான்ஸின் ஜார்ஜ் கிளாட். அவர் தொழில், காற்றைத் திரவமாக்கி ஆக்ஸிஜன் எடுத்து விற்பது. அதில் மிச்சமாகக் கிடைத்தது நியான். வீணாகிறதே என்று நீளக் குழாய்களில் அடைத்து 1910 டிசம்பரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் எரிய விட்டார். வீட்டுக்கு இந்தச் சிவப்பு உதவாது, யார் இந்த வெளிச்சத்தில் சாப்பிடுவார்கள்? ஆனால் கடைப் பலகைக்கு இதைவிட வேறு எது வேண்டும்? 1912இல் பாரிஸில் ஒரு முடிதிருத்தும் கடைக்கு முதல் நியான் பலகை போட்டார்கள். கிளாட் பெரும் பணக்காரரானார். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளோடு ஒத்துழைத்தார் என்று 1945இல் ஆயுள் தண்டனையும் பெற்றார். சில வருடங்களில் விடுவித்துவிட்டார்கள் என்றாலும் அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இனி ஹாங்காங்.

போருக்குப் பிறகு, குறிப்பாக 1949இல் சீனாவில் ஆட்சி மாறிய பிறகு, லட்சக்கணக்கான மக்கள் அந்தச் சின்ன இடத்தில் வந்து குவிந்தார்கள். ஆலை வைத்தவர்களும் வந்தார்கள், வெறுங்கையோடும் வந்தார்கள். இடம் குறைவு. கடைகள் மாடி மேல் மாடியாக ஏறின. மூன்றாவது மாடியில் தையல் கடையோ சூதாட்டக் கூடமோ வைத்திருப்பவர், கீழே நடப்பவர் கண்ணில் எப்படிப் படுவார்? அதற்கு அவர்கள் கண்ட வழி, பலகையைச் சுவரோடு ஒட்டாமல், இரும்புச் சட்டம் கட்டித் தெருவுக்கு மேலே நீட்டுவது. பக்கத்துக் கடைக்காரர் அதற்கும் ஒரு முழம் கூடுதலாக நீட்டுவார். எதிர் வரிசைக்காரர் அங்கிருந்து நீட்டுவார். கடைசியில் தெருவுக்குக் கூரை போட்ட மாதிரி ஆகிவிடும். மற்ற ஊர்களில் நியான் சுவரில் இருந்தது. ஹாங்காங்கில் அது நடப்பவர் தலைக்கு மேலேயே தொங்கியது. வெளிச்சம் நேராக முகத்தில் இறங்குவது அதனால்தான்.

இன்னொரு காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. 1998 வரை ஊருக்கு நடுவே, கௌலூனிலேயே காய் டாக் விமான நிலையம் இருந்தது. வீட்டு மாடிகளை உரசுகிற மாதிரி விமானம் இறங்கும். விமானி ஓடுபாதை விளக்கோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, பலகைகள் மின்னி மின்னி எரியக் கூடாது என்று விதி. ஆகவே அந்த ஊர் நியான் கண் சிமிட்டாது, நின்று நிதானமாக எரியும். முகத்தைப் படம் எடுக்க இதைவிட வசதி உண்டா? ஒரு விமான நிலையத்தின் விதி எங்கே வந்து உதவுகிறது பாருங்கள். 1973இல் உலகம் முழுக்க எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது, விளம்பர விளக்கு எத்தனை மணி நேரம் எரியலாம் என்பதற்குக்கூட அங்கே கட்டுப்பாடு போட்டார்களாம். அவ்வளவு விளக்கு எரிந்திருக்கிறது.

எங்கள் நடை ஆரம்பித்தது நாதன் ரோட்டில். பெயரைக் கேட்டதும் நம்மூர் சாமிநாதனோ விஸ்வநாதனோ என்று நினைத்துவிடாதீர்கள். 1904 முதல் 1907 வரை அங்கே கவர்னராக இருந்த மேத்யூ நாதன் என்ற ஆங்கிலேயர். அவர் இவ்வளவு அகலமாகச் சாலை போட்டபோது "நாதனின் முட்டாள்தனம்" என்று சிரித்தார்களாம். இப்போது அங்கே கால் வைக்க இடமில்லை. அந்தச் சாலையில் இரண்டு இடத்தில் தமிழ் காதில் விழுந்தது. காயல்பட்டினத்தார் ரத்தினக்கல் வியாபாரத்துக்காக நெடுங்காலமாகவே அங்கே போய் வாழ்கிறார்கள்.

வழிகாட்டி இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுப் பெண். ஒரு கேமரா, ஒரு லென்ஸ், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குடை ஒன்று. ஃப்ளாஷ் கிடையாது. "ஃப்ளாஷ் போட்டால் நியான் செத்துவிடும்" என்றாள். ஜோர்டன், யாவ் மா டெய் பக்கத்துத் தெருக்கள், டெம்பிள் தெருச் சந்தை, ஒரு அடகுக் கடை, ஒரு மாஜாங் ஆட்டக் கூடம் என்று இரண்டு மணி நேரம் நடந்தோம். நான் சேலை கட்டி, மேலே ஒரு ஸ்வெட்டர். "ஸ்வெட்டரைக் கழற்றுங்கள் ஆன்ட்டி" என்றாள். கழற்றவில்லை.

அவள் சொன்னவற்றில் மூன்று விஷயம் மனசில் நின்றது. பலகைக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே நிற்க வேண்டும். இரண்டு மடங்கு தள்ளி நின்றால் வெளிச்சம் பாதி ஆகாது, கால் பங்குதான் ஆகும். (எட்டாம் வகுப்பு அறிவியல், பிள்ளைகளா!) இரண்டாவது, நியான் சிவப்பு கேமராவை ஏமாற்றும். நம் கண்ணுக்கு அழகாக இருக்கும், படத்தில் கன்னம் முழுக்க ஒரே சிவப்புப் பூச்சாகி மூக்கும் வாயும் கரைந்துவிடும். அதனால் தேவையைவிடச் சற்று இருட்டாகவே எடுக்க வேண்டும். மூன்றாவது, அந்த விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கிறது. அங்கேயும் நம்மூர் மாதிரி 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான். ஷட்டரை ரொம்ப வேகமாக வைத்தால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் வரும். நூறில் ஒரு நொடிக்குக் கீழே போகாமல் வைத்தாள். என்னிடம் சொன்னதெல்லாம், "மூச்சை விட்டுவிட்டு நில்லுங்கள்" என்பதுதான்.

அடகுக் கடைப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹாங்காங்கில் எல்லா அடகுக் கடைக்கும் ஒரே வடிவம். மேலே வௌவால், அது ஒரு காசைக் கவ்விக்கொண்டிருக்கும். நமக்கு வௌவால் என்றால் பாழடைந்த வீடு. சீன மொழியில் வௌவாலுக்கும் நல்வாய்ப்புக்கும் ஒரே உச்சரிப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தூரத்திலிருந்தே புரியும். அந்தப் பச்சையும் சிவப்பும் சேர்ந்த வெளிச்சத்தில்தான் நீங்கள் பார்த்த படம் எடுத்தது, அதாவது அடகுக் கடை வாசலில். என் அம்மா இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

இப்போது கொஞ்சம் சொந்தக் கதை. 1978இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தபோது, ஹால் டிக்கெட்டுக்குப் படம் எடுக்க எங்கள் ஊர் ஸ்டூடியோவுக்குப் போனேன். உட்கார்ந்த உடனேயே அங்கே இருந்தவர் ஒரு பவுடர் டப்பாவை நீட்டினார். "ரெண்டு கோட்டிங் போடும்மா, இல்லாட்டி படத்துல பல்லு மட்டும்தான் தெரியும்." போட்டேன். அது போதாதென்று நெகடிவ்விலும் பென்சிலால் டச்சிங் செய்தார்கள். கிடைத்த படத்தில் இருந்தது நான் இல்லை, என் சாயலில் யாரோ ஒரு சிவத்த பெண். அந்தப் படம்தான் என் சான்றிதழ்களில் வருடக்கணக்கில் இருந்தது. கல்யாணப் படத்திலும் இதே கதை.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கலர் பிலிம் வந்த காலத்தில் கோடாக் கம்பெனி, நிறம் சரியாக விழுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க லேப்களுக்கு ஒரு பெண்ணின் படம் அனுப்பியது. ஷெர்லி அட்டை என்பார்கள். அந்தப் பெண் வெள்ளைக்காரி. அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. கருத்த தோல் அந்தக் கணக்கிலேயே இல்லை. உலகமே அப்படித்தான் அளவு வைத்திருந்தது.

நியானுக்கு இந்தக் கணக்கு தெரியாது. சிவப்பு வெளிச்சத்தில் கருத்த தோலுக்கும் வெளுத்த தோலுக்கும் உள்ள வித்தியாசம் ரொம்பவே குறைந்துவிடுகிறது. அந்தத் தெருவில் அந்தச் சீனப் பெண்ணும் நானும் ஒரே நிறம். அறுபது தாண்டி எடுத்த படத்தில் என் நெற்றிச் சுருக்கமும் கழுத்து நரம்பும் அப்படியே இருக்கின்றன. யாரும் பவுடர் டப்பாவை நீட்டவில்லை. மாலை போடுவதற்கு இந்தப் படத்தைத்தான் வைக்க வேண்டும் என்று மருமகளிடம் சொன்னேன். திட்டினாள்.

ஆனால் நடக்கும்போது நான் கவனித்தது வேறு ஒன்று. அந்தப் பெண் ஒவ்வொரு தெருமுனையிலும் மேலே பார்த்து, "இங்கே ஒன்று இருந்தது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வெறும் இரும்புச் சட்டம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். சில இடத்தில் அதுவும் இல்லை, சுவரில் ஓட்டைதான். இரண்டு மணி நேரத்தில் உண்மையான நியான் பலகை என்று நாங்கள் பார்த்தது கைவிரலில் எண்ணக் கூடியதுதான்.

எந்தக் காரணத்தால் அந்த வெளிச்சம் முகத்தில் விழுந்ததோ அதே காரணத்தால்தான் போகிறது. தெருவுக்கு மேலே நீட்டிக் கட்டிய பலகை. பெரும்பாலானவை அனுமதி வாங்காமல் கட்டியவை. வருடந்தோறும் புயல் அடிக்கும் ஊர், இரும்பு துருப்பிடிக்கும், கீழே கூட்டம். 2013இலிருந்து கட்டிடத் துறை ஒரு திட்டம் கொண்டுவந்தது. சிறிய பலகைகளைத் தகுதி பெற்றவர் சோதித்துச் சான்று தந்தால் வைத்துக்கொள்ளலாம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்பச் சோதிக்க வேண்டும். பெரியவை கழற்றப்பட வேண்டும். சோதனைக்குச் செலவு, பழுதுபார்க்கச் செலவு. எத்தனை கடைக்காரர் அதைச் செய்வார்? கழற்றிவிட்டு எல்இடி மாட்டிவிடுகிறார்கள். விலை குறைவு, கரண்ட்டும் குறைவு.

நான் அந்தத் துறையைத் திட்ட மாட்டேன். தலையில் பலகை விழுந்து ஒருவர் செத்தால் அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? ஆனால் பத்திரமாக இறுக்கிக் கட்டிக் காப்பாற்ற வழி தேடாமல், கழற்றுவதையே சுலபமாக்கி வைத்தார்கள் என்பதுதான் என் வருத்தம். மேற்கு மாவட்டத்தில் ஒரு உணவகத்தின் மேலே பெரிய நியான் மாடு ஒன்று 1970களிலிருந்து தொங்கியது. அந்த வட்டாரத்துக்கே அது அடையாளம். 2015இல் இறக்கினார்கள். எம் பிளஸ் என்ற அருங்காட்சியகம் வாங்கி வைத்துக்கொண்டது. டெட்ரா நியான் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு, கழற்றப்படும் பலகைகளை உடைபடாமல் எடுத்துச் சேர்க்கிறது. சேர்ப்பது சரி. ஆனால் அருங்காட்சியகத்து மாட்டின் கீழே மழை நாளில் நனைந்துகொண்டு யாரும் வீட்டுக்கு நடக்கப் போவதில்லை.

இந்தத் தொழிலைச் செய்கிறவர்கள் இப்போது மிகச் சிலர். எழுத்தைத் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவது போல் வரைந்து, அதன் மேல் சூடான கண்ணாடிக் குழாயை வைத்து வளைக்க வேண்டும். வளைக்கும்போது குழாய் அமுங்கிவிடாமல் ரப்பர் குழல் வழியாக வாயால் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். குழாய் இறுக ஆரம்பிப்பதற்குள் வளைவு முடிந்துவிட வேண்டும். பிறகு காற்றை உறிஞ்சி எடுத்து, சிவப்புக்கு நியான், நீலத்துக்கு ஆர்கானோடு ஒரு துளி பாதரசம். எந்திரம் செய்து தராது, எல்லாம் கையால்தான். 2022இல் இதைப் பற்றி ஒரு சினிமாவே வந்தது. ஆங்கிலத்தில் "எ லைட் நெவர் கோஸ் அவுட்" என்று பெயர். நியான் கைவினைஞர் இறந்த பிறகு, அவர் முடிக்காமல் விட்ட பலகையை முடிக்கப் போராடும் மனைவியாக சில்வியா சாங் நடித்திருக்கிறார். கோல்டன் ஹார்ஸ் விருதும் வாங்கினார். மகள் வீட்டில் போட்டுப் பார்த்தோம். மொழி புரியவில்லை, ஆங்கில எழுத்து ஓடியது. அழுகைக்கு எழுத்து தேவைப்படவில்லை.

வழிகாட்டியிடம் கேட்டேன். "எல்லாம் போய்விட்டால் நீ என்ன செய்வாய்?" சிரித்தாள். எல்இடிக்குக் கீழே எடுப்பேன் என்றாள். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இப்போதே வித்தியாசம் தெரிவதில்லையாம். பலகைகள் குறையக் குறையத் தன்னிடம் வருகிறவர்கள் கூடுகிறார்கள் என்பதையும் அவளே சொன்னாள். போகிறதே என்ற பயத்தில் வருகிறார்கள். "அதனால் எனக்கு வருமானம். அதற்காகச் சந்தோஷப்பட முடியுமா ஆன்ட்டி?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

போகப்போகிறவர்களுக்கு ஒரு உபயோகமான தகவல். எது நிஜ நியான், எது எல்இடி என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கிட்டே போய், ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே பாருங்கள். நிஜ நியான் என்றால் குழாய் தொடர்ந்து போகும், அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் தெரியாதபடி கறுப்புப் பூசி மறைத்திருப்பார்கள். எல்இடி முன்பக்கம் பார்த்துத்தான் அடிக்கும், நியான் எல்லாப் பக்கமும் ஒளிவிடும், பின்னாலுள்ள சுவர்கூடச் சிவந்திருக்கும். மழை பெய்தால் அறையிலேயே இருந்துவிடாதீர்கள், நனைந்த தார்ச்சாலை இன்னொரு பலகை மாதிரி. போக்குவரத்து சற்று ஓய்ந்த பிறகு சந்துக்குள் நின்று கேளுங்கள். தலைக்கு மேலே ட்ரான்ஸ்ஃபார்மர் வண்டு மாதிரி ரீங்காரம் செய்துகொண்டிருக்கும்.